ஸ்மார்ட் மீட்டர்: செலவுக்குத் தகுந்த வரவு உண்டா?

மின் பகிர்மானத்தைச் சீரமைக்க மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த திட்டத்தின் மொத்த மதிப்பு 3 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். தானாகவே ரீடிங் அனுப்பும் ஸ்மார்ட் மீட்டரை நாடு முழுக்க 25 கோடி இணைப்புகளில் மாட்டுவது அதில் ஒரு பெரிய பங்கு. தமிழ்நாட்டுக்குக் கிடைக்கும் மத்திய மானியம் மீட்டர் செலவில் 15 சதவீதம் அல்லது 900 ரூபாய், எது குறைவோ அது. அதுவும் ப்ரீபெய்டு முறையில் மாட்டினால்தான். மீதி மின்வாரியத்தின் தலையில். வாரியத்தின் தலையில் என்றால், சுற்றிவளைத்து நம் பில்லிலும் நம் வரியிலும்.

900 ரூபாய்தான் 15 சதவீதம் என்றால் முழுச்செலவு 6,000. பராமரிப்பும் சேர்த்துப் பத்து வருடத்துக்கு அதுவே போதும் என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு மாதத்துக்கு 100 ரூபாய் ஆகிறது. மதுரை செல்லூரில் இரண்டு ஃபேன், ஒரு டிவி, நாலு பல்ப் என்று இரண்டு மாதத்துக்கு 150 யூனிட் ஓடும் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 100 யூனிட் இலவசம் போக அந்த வீட்டின் பில்லே ஏறக்குறைய அவ்வளவுதான். அங்கே ஸ்மார்ட் மீட்டர் மாட்டி எதை மிச்சப்படுத்துவது?

சரி, 500 யூனிட்டை ஒட்டி ஓடும் வீடுகளுக்குக் கதை வேறு. இரண்டு மாதக் கணக்கில் 500-ஐத் தாண்டினால் கடைசி யூனிட்டுகளுக்கு மட்டும் விலை கூடுவதில்லை; 101 முதல் 200 வரைக்கான மலிவு விலையும் போய்விடும். சித்திரை வெயிலில் ஏசி ஓடும்போது ரீடிங் நாலு நாள் தள்ளிப்போனால் அதுவே போதும், அடுத்த படிக்குத் தள்ளிவிட. ஸ்மார்ட் மீட்டர் தினமும் தானாகவே ரீடிங் அனுப்பும். இந்தத் தகராறு அத்தோடு தீரும். மாதாமாதம் பில் போடுவதும் எளிதாகும். ஆனால் அது எல்லோருக்கும் லாபம் என்று நினைக்க வேண்டாம். ஒரு மாதம் 150, மறுமாதம் 330 என்றால் இன்றைய கணக்கில் 480, தப்பித்தீர்கள். எல்லையைப் பாதியாக்கி மாதம் 250 என்று வைத்தால் அந்த இரண்டாம் மாதம் மாட்டிக்கொள்வீர்கள்.

அப்புறம் நேரவாரிக் கட்டணம், அதாவது நாளின் நேரத்தைப் பொறுத்து மாறும் விலை. கமுதியில் மட்டும் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கிறது. நண்பகலில் கொட்டும் அந்த மின்சாரம் மாலை ஏழு மணிக்கு இல்லை. பகல் வெயில் நேரத்தில் குறைந்தது 20 சதவீதம் மலிவாகவும், உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாகவும் கட்டணம் இருக்க வேண்டும் என்கிறது 2023-ல் திருத்தப்பட்ட மத்திய விதி. விவசாயத்துக்கு இது கிடையாது. தமிழ்நாட்டில் கட்டணத்தை முடிவு செய்வது மாநில ஒழுங்குமுறை ஆணையம். மோட்டாரையும் கிரைண்டரையும் மதியம் போட முடிந்தவருக்கு இது நல்லது. கப்பலூரில் ஷிஃப்ட் முடிந்து இருட்டிய பிறகு வீடு திரும்புபவர் எதை மதியத்துக்கு மாற்றுவார்?

என்னைக் கேட்டால் முதலில் மீட்டர் வேண்டியது டிரான்ஸ்ஃபார்மருக்கும், அதற்கு மின்சாரம் கொண்டுவரும் ஃபீடர் லைனுக்கும். மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் வயல் மோட்டார்களுக்கு இலவச மின்சாரம். அவற்றில் எவ்வளவு போகிறது என்பது பெரும்பாலும் மதிப்பீடுதான். மதிப்பீட்டில் பிழை இருந்தால் இழப்பு எங்கே என்பதே தெரியாது. டிரான்ஸ்ஃபார்மரில் அளந்தால் யாருடைய இலவசத்தையும் தொடாமல் அது தெரிந்துவிடும். அடுத்து தொழிற்சாலை, கடை, 500-ஐத் தாண்டும் வீடுகள். 100 யூனிட்டுக்குள் அடங்கும் வீடுகள் கடைசியில் வரட்டும்.

உங்கள் வீட்டுக்கு மீட்டர் வந்தால் இரண்டு உரிமைகளை நினைவில் வையுங்கள். அனுமதித்த மின்பளுவைவிடக் கூடுதலாக இழுத்தீர்கள் என்று புது மீட்டர் காட்டினாலும், அதை வைத்து மீட்டர் மாட்டுவதற்கு முந்தைய காலத்துக்கு அபராதம் போடக் கூடாது. ரீடிங்கில் சந்தேகம் என்று புகார் கொடுத்தால், ஐந்து நாளுக்குள் பக்கத்திலேயே இன்னொரு மீட்டர் மாட்டி, குறைந்தது மூன்று மாதம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது உரிமை 2024-ல் வந்த திருத்தம். புகாரை எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள்.