திடீர்மாற்றமா, திரிபா?

கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் ஒரு மொழிபெயர்ப்புத் தாளில் 'விண்வெளியில் திடீர்மாற்றப் பாசியின் ஒளிச்சேர்க்கை' என்று இருந்தது. ஒரு சிறுமி எழுந்தாள். "திடீர்னு மாறுனதுன்னா, மாஷே, எந்தப் பாசி மாறும்னு முன்னாடியே எப்படித் தெரிஞ்சு ராக்கெட்டுல ஏத்துனாங்க?" நியாயமான கேள்வி.

மரபணுவில் வரும் மாற்றத்தை ஆங்கிலத்தில் மியூட்டேஷன் என்பார்கள். அதைத்தான் தாளில் 'திடீர்மாற்றம்' என்று எழுதியிருந்தார்கள். அதன் வேர் லத்தீன் 'மூட்டாரே'. மாறு என்று பொருள், அவ்வளவுதான். 1901-இல் டச்சுத் தாவரவியலாளர் ஹியூகோ டி விரீஸ், புதிய இனங்கள் ஒரே தாவலில் தோன்றும் என்று எழுதினார். நம் 'திடீர்' அங்கிருந்துதான் ஒட்டியிருக்க வேண்டும். அந்தக் கொள்கை போய்விட்டது, அடைமொழி மட்டும் போகவில்லை.

தாளில் இருந்த பாசி கிளமிடோமோனாஸ், ஒருசெல் பச்சைப்பாசி. (இங்கே குளத்தில் படர்வதைப் 'பாயல்' என்பார்கள். எழுதும்போது பாசி என்றே எழுதுங்கள்.) ஒளிச்சேர்க்கையின் நடுநாயகமான டி1 புரதத்தில் 163-ஆம் இடத்தில் ஐசோலூசின் என்ற அமினோ அமிலம் (புரதம் இவற்றைக் கோத்த சங்கிலிதான்) போய் அஸ்பரஜின் என்ற வேறொன்று வந்திருந்தது. இன்னொரு வகையில் 251-ஆம் இடத்து அலனினுக்குப் பதில் சிஸ்டீன். ஆய்வகத்தில் மாற்றி, தேர்ந்தெடுத்து அனுப்பிய பாசிகள். இதில் திடீர் எங்கே வந்தது?

நம் இலக்கணத்தில் இதற்குச் சொல் தயாராக இருக்கிறது. பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம். ஓர் எழுத்து போய் அதே இடத்தில் இன்னொன்று நிற்கிறது. திரிதல். வாழைப்பழத்தில் 'ப்' கூடுவது தோன்றல், மரவேரில் 'ம்' விழுவது கெடுதல். மரபணுவிலும் எழுத்து மாறுவது, கூடுவது, விழுவது என்று இதே மூன்றும் நடக்கின்றன. மூன்றுக்கும் பொதுப்பெயர் விகாரம். இலங்கையில் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் நம் பேச்சில் விகாரம் என்றால் அருவருப்பு. அதனால் என் தேர்வு திரிபு. கொரோனா காலத்தில் எல்லோர் வாயிலும் புழங்கிய சொல்தானே.

இன்னொரு வசதியும் உண்டு. தானாக மாறியது திரிந்த பாசி, ஆய்வகத்தில் மாற்றியது திரித்த பாசி. 'திடீர்மாற்றம்' இந்த வேறுபாட்டைக் காட்டவே காட்டாது. மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டாமல், ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருந்தால் போதும்.

சரி, பால் திரிந்தால் கெட்டது என்றல்லவா பொருள் என்று சக ஆசிரியர் ஒருவர் மறுத்தார். 2013-இல் வெளியான அந்த ஆய்வைப் படித்துக் காட்டினேன். புவியைச் சுற்றியபோது ஒப்பீட்டுக்கு வைத்த வகை ஒளிச்சேர்க்கையில் தடுமாறியது. இந்த இரண்டு திரிபுகளும் நன்றாகச் செய்தன, தரைக்குத் திரும்பியதும் மீண்டும் வளர்ந்தன.