கியூவின் கடைசி ஒரு சாண்

பந்துகளைக் குழிகளில் தள்ளும் பூல் ஆட்டத்தின் கியூவைப் பற்றி, அதாவது பந்தை அடிக்கும் நீளக் கோலைப் பற்றி, ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “பூல் ஆடத் தொடங்கியபோது வாங்கிய சாதாரணக் கியூவை மாற்றலாம் என்று இருக்கிறேன். விலை கூடிய கியூவில் சைடு ஸ்பின் அதிகம் கிடைக்கும் என்கிறார்கள், உண்மையா? எடை எவ்வளவு இருக்க வேண்டும்? கார்பன் ஃபைபர் வாங்குவதா, மரமே போதுமா?”

முதல் இரண்டு கேள்விகளுக்குப் பள்ளி இயற்பியலே போதும், சீக்கிரம் முடித்துவிடலாம். மூன்றாவதில்தான் எனக்குப் பிடித்த விஷயம் ஒளிந்திருக்கிறது. சைடு கொடுத்து, அதாவது மையத்துக்குப் பக்கவாட்டில் தள்ளி அடித்துச் சுழலவிட்டால், நாம் கியூவால் அடிக்கும் வெள்ளைப் பந்து ஏன் நாம் குறிபார்த்த கோட்டை விட்டு விலகிப் போகிறது என்பதுதான் அது.

முதலில் எடை. பூல் கியூக்கள் பெரும்பாலும் 18 முதல் 21 அவுன்ஸ் வரை, அதாவது ஏறத்தாழ 510 முதல் 595 கிராம் வரை இருக்கும். பந்தின் எடை சுமார் 170 கிராம். ஆற்றல் இழப்பே இல்லாத மோதல் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 540 கிராம் கியூ பந்தைத் தன் வேகத்தைப் போல 1.52 மடங்கு வேகத்தில் அனுப்பும். 570 கிராம் கியூ 1.54 மடங்கு. முப்பது கிராம் கூட்டியதற்கு ஆதாயம் ஒன்றரை சதவீதம்கூட இல்லை. அதுவும் கனமான கியூவை உங்கள் கை அதே வேகத்தில் வீசினால்தான். எனவே எந்த எடையில் கை தடுமாறாமல் நேராகப் போகிறதோ அதுவே உங்கள் எடை.

அடுத்தது ஸ்பின். பந்து எவ்வளவு சுழலும் என்பதை முடிவு செய்வது, மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி அடிக்கிறீர்கள், எவ்வளவு வேகமாக அடிக்கிறீர்கள் என்ற இரண்டும்தான். தள்ளி அடிப்பதற்கு ஓர் எல்லை உண்டு. பந்தின் ஆரத்தில் பாதியளவு வரை போகலாம். பூல் பந்தின் விட்டம் 57.15 மில்லிமீட்டர், ஆக மையத்திலிருந்து 14 மில்லிமீட்டர் சொச்சம். அதைத் தாண்டினால் டிப், அதாவது கியூ நுனியிலுள்ள தோல் வில்லை, வழுக்கி அடி பிசகிவிடும் (மிஸ்கியூ). அந்த எல்லை வரை வழுக்காமல் பிடித்து வைப்பதுதான் சாக்கின், அதாவது டிப்பில் தேய்க்கும் பொடியின், வேலை. இன்று நாம் தேய்க்கும் சிலிக்கா கலந்த கரடுமுரடான சாக்கை 1897-இல் வில்லியம் ஸ்பிங்க்ஸ் என்ற பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரரும் வில்லியம் ஹாஸ்கின்ஸ் என்ற வேதியியலாளரும் சேர்ந்து காப்புரிமை பெற்று விற்கத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே பிரான்சுவா மிங்கோ என்ற பிரெஞ்சுக்காரர் கியூ நுனியில் தோல் டிப்பை ஒட்டிப் பிரபலப்படுத்தியிருந்தார். தோலும் சாக்கும் சரியாக இருந்தால் எந்தக் கியூவும் அதே 14 மில்லிமீட்டர் வரை போகும். அதிக ஸ்பின் தரும் கியூ என்று விளம்பரத்தில் பார்த்தால் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள்.

ஆனால் நல்ல ஷாஃப்டுக்கு (கியூவின் முன்பாதி) மாறியவர்கள் “சைடு அதிகமாக ஏறுகிறது” என்று சொல்வது முழுப் பொய்யும் இல்லை. பந்து விலகிப் போகுமோ என்ற பயம் குறைந்ததும் ஓரத்தை நோக்கித் தைரியமாக அடிக்கிறார்கள் என்று நினைக்கிறேன். கூடுதல் ஸ்பின் அந்தத் தைரியத்திலிருந்து வருகிறது.

சரி, அந்த விலகலுக்கு வருவோம். ஆட்டக்காரர்கள் இதை டிஃப்ளெக்‌ஷன் என்பார்கள், சிலர் ஸ்க்விர்ட் என்பார்கள். வெள்ளைப் பந்தின் மையத்துக்கு வலப்புறம் தள்ளி, கியூவை நேராக முன்னோக்கித் தள்ளுகிறீர்கள். பந்தும் நேராகத்தானே போக வேண்டும்? போகாது. சற்றே இடப்பக்கம் விலகும். விலகல் இரண்டு டிகிரி என்று வையுங்கள். இரண்டு மீட்டர் தொலைவில் அது ஏழு சென்டிமீட்டர் ஆகிவிடும், ஒரு முழுப் பந்தின் விட்டத்தை விட அதிகம். குறி ஒரு பந்து அகலத்துக்குத் தவறினால் அந்தப் பந்து குழியில் விழ வழியே இல்லை. அனுபவமுள்ளவர்கள் இந்த விலகலை மனதுக்குள் கணக்கிட்டு, குறியையே மாற்றி அடிக்கிறார்கள்.

விலகல் ஏன் வருகிறது? டிப்பும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு மில்லிநொடி, மென்மையான டிப்பாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதல். நம் கண்ணுக்கு அது ஒரு ‘டக்’. அந்த ஒரு மில்லிநொடிக்குள் நிறைய நடக்கிறது. பந்து முன்னே நகரத் தொடங்குகிறது, கூடவே சுழலவும் தொடங்குகிறது. மேலிருந்து பார்த்தால், வலப்புறம் அடிபட்ட பந்து கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். அப்படிச் சுழலும்போது பந்தின் பின்புறத்தில் டிப் தொட்டிருக்கும் புள்ளி வலப்பக்கமாக நகர்கிறது. சாக் பிடித்திருப்பதால் டிப்பும் அந்தப் புள்ளியோடு வலப்பக்கம் இழுபட்டாக வேண்டும். டிப்புக்கு நிறை உண்டு, அதைப் பக்கவாட்டில் நகர்த்த விசை வேண்டும், அந்த விசையைப் பந்துதான் கொடுக்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி பந்து டிப்பை வலப்பக்கம் தள்ளினால் டிப் பந்தை இடப்பக்கம் தள்ளும். விலகலின் முழுக்கதையும் அவ்வளவுதான்.

படகிலிருந்து கரைக்குக் குதிப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். படகு கனமாக இருந்தால் அது அசையாது, குதிப்பவருக்கு நல்ல உந்துதல் கிடைக்கும். சின்னப் படகு என்றால் அது பின்னால் நழுவிவிடும், அவர் தண்ணீரில் விழுவார். இங்கே குதிப்பவர் பந்து, படகு கியூவின் நுனி. பந்து பக்கவாட்டில் உந்தப்படக் கூடாது என்பதுதான் நமக்கு வேண்டியது. ஆகவே நுனி லேசாக இருந்து நழுவிவிட வேண்டும்.

இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த திருப்பம் வருகிறது. நுனி என்றால் எவ்வளவு தூரம்? கியூவின் மொத்த நீளம் ஏறத்தாழ 147 சென்டிமீட்டர். அரைக் கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்த முழுக் கியூவையுமா பந்து பக்கவாட்டில் தள்ளுகிறது? அப்படியென்றால் பந்து பல டிகிரி விலகி எங்கேயோ போயிருக்கும். டிப் வலப்பக்கம் இழுபடும்போது அந்தச் செய்தி ஷாஃப்டின் வழியே ஓர் அலையாகப் பின்னோக்கிப் போக வேண்டும். ஒரு குச்சியைப் பக்கவாட்டில் வளைக்கும் அலை மெதுவாகவே நகரும். ஒரு மில்லிநொடிக்குள் அது சுமார் 15 முதல் 20 சென்டிமீட்டரைத்தான் அசைத்திருக்கும், அதற்குள் பந்து டிப்பை விட்டுக் கிளம்பிவிட்டது. கையில் பிடிக்கும் பின்பாதியான ‘பட்’டுக்குப் பக்கவாட்டில் ஏதோ நடந்தது என்ற தகவலே அடி முடிந்த பிறகுதான் போய்ச் சேர்கிறது. இந்த ஒரு சாண் நீளத்தின் நிறையைத்தான் நுனி நிறை என்கிறார்கள். அதன் பயனுறு மதிப்பு சில கிராம்கள்.

முன்னோக்கிய தள்ளலில் நிலைமையே வேறு. கியூ செய்யும் மேப்பிள் மரத்தின் நார்களோடு நீளவாக்கில் செல்லும் அழுத்த அலையின் வேகம் நொடிக்குச் சுமார் நான்கு கிலோமீட்டர். ஒரு மில்லிநொடிக்குள் அது கியூவின் கடைசி வரை போய்த் திரும்பியே வந்துவிடும். அதனால்தான் பந்தின் வேகத்தைக் கணக்கிடும்போது மேலே முழுக் கியூவின் எடையையும் எடுத்துக்கொண்டோம். ஒரே அடி, ஒரே மில்லிநொடி. முன்னோக்கிப் பார்த்தால் பந்தை மோதுவது அரைக் கிலோ. பக்கவாட்டில் பார்த்தால் சில கிராம். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுக்காத விஷயம் இது.

நம்ப முடியவில்லை என்றால் சோதித்தும் பார்க்கலாம். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பேராசிரியராக இருந்த டேவிட் அல்சியாட்டோர் ஷாஃப்டின் மேல் ஒரு சிறு எடையைப் பொருத்தி, அதை டிப்பிலிருந்து வெவ்வேறு தொலைவுகளில் வைத்து விலகலை அளந்தார். எடை டிப்புக்குப் பக்கத்தில் இருந்தபோது விலகல் எகிறியது. பின்னால் தள்ளத் தள்ளக் குறைந்தது. அந்த ஒரு சாணைத் தாண்டியதும் எடை இருப்பதே தெரியவில்லை.

இது தெரிந்ததும் கியூக் கடையின் கண்ணாடி அலமாரி வேறு மாதிரித் தெரியும். கருங்காலியில் இழைத்த பட், சிப்பி பதித்த வேலைப்பாடு, பாம்புத்தோல் சுற்றிய கைப்பிடி எல்லாம் கண்ணுக்கு அழகு. அழகுக்குக் காசு கொடுப்பதில் தவறில்லை. ஆனால் விலகல் நடக்கும் நேரத்தில் அவற்றில் எதுவும் பங்கெடுப்பதில்லை. ஆட்டம் முன்னேற வேண்டும் என்றால் காசு ஷாஃப்டுக்குப் போகட்டும்.

தயாரிப்பாளர்கள் நுனியை லேசாக்கப் பல வழிகளைப் பிடித்திருக்கிறார்கள். ஷாஃப்டின் முனையில் உள்ளே துளை போடுவது ஒன்று. டிப்புக்கு அடியில் இருக்கும் வெள்ளை உறையான ஃபெரூலைக் குட்டையாக்கி லேசான பொருளில் செய்வது இன்னொன்று. வழக்கமான 13 மில்லிமீட்டர் விட்டத்தை 12-க்குப் பக்கத்தில் கொண்டுவருவதும் உண்டு. 1990-களில் பிரிடேட்டர் நிறுவனம் மரத்தை ஆப்பு வடிவத் துண்டுகளாக வெட்டி வட்டமாக ஒட்டிய ஷாஃப்டைக் கொண்டுவந்தது. அதில் இன்னொரு நன்மையும் இருந்தது. ஒரே மரத்தில் கடைந்த ஷாஃப்டில் நார்கள் ஒரு பக்கமாக ஓடும், கியூவைக் கையில் உருட்டிப் பிடித்தால் அதன் குணம் லேசாக மாறலாம். துண்டுகளை ஒட்டிய ஷாஃப்டில் எப்படித் திருப்பிப் பிடித்தாலும் ஒரே குணம்.

கார்பன் ஃபைபர் இந்த வரிசையில் கடைசியாக வந்தது. உள்ளே வெற்றிடமோ நுரையோ உள்ள குழாய் என்பதால் நுனி லேசு. இதிலிருந்து ஒரு பழைய நம்பிக்கையும் உடைகிறது. வளையக்கூடிய ஷாஃப்டில் விலகல் குறைவு, விறைப்பானதில் அதிகம் என்று நெடுநாள் சொல்லி வந்தார்கள். கார்பன் ஷாஃப்ட் நல்ல விறைப்பு, ஆனாலும் அதில் விலகல் குறைவு. முக்கியமானது நிறை, விறைப்பு இரண்டாம்பட்சம். நல்ல மர ஷாஃப்டும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு விலகலைக் குறைக்கும். கார்பனின் உண்மையான வசதி அது வளையாது, கோணாது, ஈரக்காற்றுக்கு அசையாது என்பதுதான். பந்தில் படும்போது வரும் சத்தமும் கையில் தெரியும் அதிர்வும் மரத்தில்தான் எனக்குப் பிடிக்கிறது, அது என் ருசி.

கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன். 1835-இல் காஸ்பார்ட் கொரியோலிஸ் பில்லியர்ட்ஸ் பந்துகளின் கணிதத்தைப் பற்றி ஒரு முழு நூல் வெளியிட்டார். புயல்கள் சுழலும் திசையை விளக்க இன்று நாம் பயன்படுத்தும் கொரியோலிஸ் விளைவு பற்றிய ஆய்வும் அதே ஆண்டில் வந்ததுதான். பந்தின் சுழற்சியையும் சுழலும் இயந்திரங்களில் எழும் விசைகளையும் ஒரே மூளை ஒரே காலத்தில் யோசித்திருக்கிறது. இன்று ஒருவர் பூல் பந்தை ஆராய நிதி கேட்டால், ‘இதனால் சமூகத்துக்கு என்ன பயன்’ என்ற கட்டத்திலேயே விண்ணப்பம் திரும்பிவிடும். அப்போது மிஞ்சுவது விற்பவர்களே நடத்தும் சோதனைகள். அவற்றில் எந்த நிறுவனத்தின் கியூ ஜெயிக்கும் என்று சொல்ல ஆய்வகம் தேவையில்லை.

‘ராசியான கியூ’ பற்றியும் ஒரு வார்த்தை. பழைய கியூவை விட்டால் ஆட்டமே போய்விடும் என்று அஞ்சுபவர்கள் உண்டு, அந்த அச்சத்துக்குக் காரணமும் இருக்கிறது. அந்தக் கியூவின் விலகல் கோணத்தை உங்கள் மூளை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. விலகல் குறைந்த ஷாஃப்டுக்கு மாறினதும் பழைய பழக்கப்படி குறியைத் தள்ளிவைப்பீர்கள், பந்து மறுபக்கம் தவறும். கியூ மோசம் என்று அதற்குள் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

எந்தக் கியூவின் விலகலையும் மேசையிலேயே ஒப்பிடலாம். வெள்ளைப் பந்தை மையத்தில் குறிவைத்து எதிரே ஒரு பந்தை நோக்கி நேராகக் குனியுங்கள். கியூவின் முன்பக்கத்தைத் தாங்கும் பிரிட்ஜ் கையை அசைக்காமல், பின் கையை மட்டும் நகர்த்தி டிப்பை ஒரு பக்கம் கொண்டுபோய் வேகமாக அடியுங்கள். கியூ சாய்ந்த கோணமும் விலகல் கோணமும் சமமாக இருந்தால் பந்து பழைய கோட்டிலேயே நேராகப் போகும். எதிர்ப் பந்தை முழுதாகப் பிடிக்கும் வரை பந்துக்கும் பிரிட்ஜ் கைக்கும் இடையிலான தூரத்தை மாற்றி மாற்றி அடித்துப் பாருங்கள். விலகல் மூன்று டிகிரி என்றால் அந்தத் தூரம் சுமார் கால் மீட்டர் வரும். விலகல் குறையக் குறைய அது நீளும். கடையில் இரண்டு ஷாஃப்டுகளை இப்படிச் சோதித்தால் விளம்பரத் தாளைப் படிக்கவே வேண்டாம். மெதுவாக அடித்தால் மட்டும் சோதனை பொய்க்கும், துணியின் உராய்வில் பந்து வளைந்து திரும்பிவிடும்.

மற்றபடி, ஷாஃப்டையும் பட்டையும் கழற்றி மேசையில் தனித்தனியாக உருட்டி, அடியில் வெளிச்சம் விட்டு விட்டுத் தெரிகிறதா என்று பாருங்கள். டிப் காளான் போல விரிந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். ஆட்டத்தைத் தொடங்கும் பிரேக் அடிக்கப் புதுக் கியூவை எடுக்காதீர்கள், பழையதில் கடினமான டிப் ஒன்றை ஒட்டி அதற்கென்றே வைத்துக்கொள்ளலாம். இப்போதுள்ள பட் கைக்கு ஒத்துப்போனால் ஷாஃப்டை மட்டும் வாங்குவதுதான் என் யோசனை. ஆனால் வாங்குமுன் இரு பாதிகளையும் இணைக்கும் ஜாயின்டின் திருகு என்ன வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். 5/16 அங்குலத் திருகிலேயே அங்குலத்துக்கு 14 புரி, 18 புரி என்று இரண்டு உண்டு, ஒன்றில் மற்றது ஏறாது.