வறட்சியில் இன்னொரு ஆழ்துளைக் கிணறு வேண்டாம்

வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடப்படும் என்று அறிவிப்பு வந்ததுமே, ஆழ்துளைக் கிணற்றுக்கு இடம் பார்த்துத் தருமாறு விவசாயிகள் என்னிடம் வரத் தொடங்கிவிடுகிறார்கள். அண்மையில் வந்தவர், முன்பு போட்ட இரண்டு குழிகளிலும் புகைதான் கிளம்பியது என்று சொல்லிக்கொண்டே மூன்றாவதற்குக் கடன் பேசி முடித்திருந்தார். இன்னும் ஆழம் போனால் ஊற்று கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையை எத்தனை முறை மறுத்துச் சொன்னாலும் அது மாறுவதாக இல்லை.

கடும்பாறைப் பகுதியில் நிலத்துக்கடியில் ஆறு எதுவும் ஓடவில்லை. மேலே சிதைந்த பாறை அடுக்கும், அதன் கீழுள்ள வெடிப்புகளுமே நீரைத் தாங்குகின்றன. ஆழம் கூடக் கூட அந்த வெடிப்புகள் பெரும்பாலும் இறுகி, எண்ணிக்கையிலும் குறைந்துவிடுகின்றன. தப்பித்தவறி நீர் கிடைத்தாலும் அது புதிதாக வந்த நீரன்று; பக்கத்து வயல் கிணற்றுக்கு வரவேண்டியதாகவோ, நெடுங்காலமாகப் பாறையில் தேங்கிக் கிடந்ததாகவோ இருக்கும், மழை பெய்து மண்ணில் இறங்கும்வரை எடுத்தது ஈடாகாது. வாய்க்காலுக்குத்தான் கட்டுப்பாடு, என் நிலத்தடி நீர் எனக்கே சொந்தம் என்று வாதிடுகிறவர்கள், வரப்பு நிலத்தின் மேலே மட்டும்தான் இருக்கிறது என்பதை நினைக்க வேண்டும். பாறையில் நெடுநாள் தங்கிய நீரில் புளூரைடு மிகுந்திருப்பதும் உண்டு. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் உச்ச அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் என்பதால், பரிசோதிக்காமல் அதை வீட்டில் குடிக்கவே கூடாது.

கடன் வாங்கும் முன் சாகுபடிப் பரப்பைக் குறையுங்கள். முழு வயலையும் அரைகுறையாக நனைப்பதைவிட ஒரு பகுதியைக் காப்பாற்றி, பூக்கும் பருவத்துக்கும் மணி பிடிக்கும் பருவத்துக்கும் நீரை ஒதுக்கி வைப்பது மேல். கட்டுப்பாடு தொடங்குமுன் வயலை நிரப்பி வைக்காதீர்கள்; வேருக்குக் கீழே இறங்கிய நீர் பயிருக்கு உதவாது. வைக்கோல், சருகு போன்றவற்றால் மண்ணை மூடி மூடாக்கு போடுங்கள்: ஒரு ஹெக்டேர் மண்ணிலிருந்து 10 மில்லிமீட்டர் நீர் ஆவியானால் 1,00,000 லிட்டர் போய்விடுகிறது.

கைவிட்ட ஆழ்துளைக் குழியிலிருந்து உறைக்குழாயை (மண் சரியாமல் இருக்க உள்ளே இறக்கிய குழாயை) உருவி எடுத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். சாக்கையும் முள்ளையும் போட்டு மூடியதாக நினைக்காமல், அடிமுதல் வாய்வரை மண் நிரப்பி இறுக்குங்கள்; அந்த வழியே குழந்தைகள் நடக்கிறார்கள். இதை இன்றே செய்துவிடுங்கள்.