ஏகாதிபத்தியம்: அந்த ‘ஏக’ யார்?

‘ஏகாதிபத்தியம் ஒழிக’ என்று சிவப்புச் சாயத்தில் எழுதிய சுவரைக் கடக்காமல் தமிழ்நாட்டில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. சிறு வயதில் எனக்கு அந்தச் சொல் வாயில் நுழையவே நாளாயிற்று. பொருள் கேட்டால், “வெள்ளைக்காரன் நம்மை ஆண்டானே, அதுதான்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அது பாதிதான் சரி.

பிரித்துப் பார்த்தால் ஏக + ஆதிபத்தியம். அதிபதியாக இருக்கும் நிலை ஆதிபத்தியம். அப்படியானால் ஒருவனே அதிபதியாக இருக்கும் நிலை ஏகாதிபத்தியம். வடசொல்தான். ஆனால் வடசொற்களைத் தாராளமாகப் புழங்கும் மற்ற மொழிகள் இதே கருத்துக்கு இந்தச் சொல்லை எடுக்கவில்லை. இந்தியில் சாம்ராஜ்யவாத், தெலுங்கில் சாம்ராஜ்யவாதம், மலையாளத்தில் சாம்ராஜ்யத்வம், சிங்களத்தில் அதிராஜ்யவாதய. அவர்கள் எல்லாரும் பேரரசைப் பிடித்துக்கொண்டார்கள். நாம் ‘ஒருவனை’ப் பிடித்துக்கொண்டோம்.

ஆங்கிலத்தில் இதற்கு ‘இம்பீரியலிசம்’. அந்த ஐரோப்பியச் சொல்லின் வேர் லத்தீனில் ‘இம்பீரியம்’. முதலில் அது நிலப்பரப்பைக் குறிக்கவில்லை. ரோமானிய அதிகாரியின் ஆணையிடும் உரிமையைத்தான் குறித்தது. படைத்தலைவனுக்கு ‘இம்பராத்தோர்’ என்று பெயர். அவன் ஆணை எதுவரை செல்லுமோ அதுவரை உள்ள நாடும் பிற்பாடு அதே பெயரைப் பெற்றது. ‘இம்பீரியலிசம்’ என்ற நீண்ட வடிவம் 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் புழக்கத்துக்கு வருகிறது. அப்போது அது பிரான்சின் மூன்றாம் நெப்போலியனை இங்கிலாந்துக்காரர்கள் திட்டப் பயன்படுத்திய சொல். அடக்குமுறை, ஆடம்பரம், கைதட்டலுக்கு நடத்தும் ஆட்சி எல்லாம் அதற்குள் அடங்கும். ஊரார் வீட்டுக் குற்றத்துக்கு வைத்த பெயர், கொஞ்ச நாளில் சொந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

அது வந்த வழியைப் பழைய வெள்ளி ரூபாயில் கையால் தொட்டே பார்க்கலாம். 1862 முதல் அச்சிட்ட ரூபாயில் ராணியின் தலையைச் சுற்றி ‘விக்டோரியா குயீன்’ என்று இருக்கும். 1877 முதல் ‘விக்டோரியா எம்ப்ரஸ்’. ராணி அதே ராணிதான், எழுத்துதான் மாறியது. பிரிட்டிஷ் பிரதமர் டிஸ்ரேலி 1876இல் நாடாளுமன்றத்தில் சட்டம் கொண்டுவந்து ராணியைச் சக்கரவர்த்தினி ஆக்கினார். 1877 ஜனவரி 1 அன்று வைஸ்ராய் லிட்டன் டெல்லியில் தர்பார் கூட்டி அதை அறிவித்தார். சென்னை மாகாணத்தில் மக்கள் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை. ‘இம்பீரியலிசம்’ என்று டிஸ்ரேலியின் எதிரிகள் அவர்மீது வீசியதும் இதையொட்டித்தான்.

சொல்லுக்கு இன்றுள்ள பொருளைக் கொடுத்தவர்களில் முதல் ஆள் ஹாப்சன் என்ற ஆங்கிலேயப் பொருளியலர். தென்னாப்பிரிக்கப் போர் மூண்ட 1899இல் அங்கே செய்தியாளராகப் போனவர். தங்கச் சுரங்க முதலாளிகளின் செல்வாக்கை அருகிலிருந்து பார்த்துவிட்டு வந்து, 1902இல் ஒரு நூல் எழுதினார். அவர் கணக்கு இது: உள்நாட்டில் தொழிலாளிக்குக் கூலி குறைவு, அதனால் செய்த சரக்கை வாங்க ஆள் இல்லை. செல்வர் கையில் பணம் தேங்குகிறது. தேங்கிய பணம் வெளிநாட்டில் இடம் தேடுகிறது. போட்ட முதலுக்குக் காவலாகக் கொடியும் பீரங்கியும் பின்னால் போகின்றன. லெனின் 1916இல் சூரிச்சில் இருந்தபோது இதை இன்னும் இறுக்கினார். ஒரே வரியில் சொன்னால், ஏகாதிபத்தியம் என்பது முதலாளித்துவத்தின் ஏகபோகக் கட்டம் என்றார்.

இங்கேதான் தமிழுக்கு ஒரு தற்செயல் அதிர்ஷ்டம். ‘ஏகாதிபத்தியம்’, ‘ஏகபோகம்’ இரண்டும் ஒரே ‘ஏக’வில் தொடங்குகின்றன. மூலத்தில் இல்லாத மோனை தமிழில் தானாகவே அமைந்துவிட்டது. லெனினுக்கென்றே செய்த சொல் போலிருக்கிறது!

ஏகபோகம் நமக்குப் பழைய சொல்லும்கூட. தஞ்சை மிராசுக் கணக்குகளில் ஊர் முழுவதும் ஒரே மிராசுதார் கையில் இருந்தால் அது ஏகபோக கிராமம். பலர் தனித்தனியே பங்கு வைத்திருந்தால் பலபோகம். பொதுவில் வைத்திருந்தால் சமுதாயம். இந்தப் பழைய கணக்குச் சொற்களை வைத்துப் பார்த்தால் ஆப்பிரிக்காவில் நடந்தது சட்டென்று விளங்கும். 1870 வாக்கில் அந்தக் கண்டத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் ஐரோப்பியர் வசம் இருந்தது. 1914இல் எத்தியோப்பியாவையும் லைபீரியாவையும் தவிர்த்துப் பார்த்தால் மிச்சம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, போர்ச்சுகல், பெல்ஜியம், இத்தாலி, ஸ்பெயின் என்று பந்திக்கு முந்தியவர்கள் பலர். ஆகக் கண்டம் முழுதும் பலபோகம். ‘ஏக’ என்ற சொல் அங்கே பொருந்தவே இல்லை. ஒருவன் முந்திவிடுவானோ என்ற பயத்தில்தான் இன்னொருவன் ஓடினான்.

1884 நவம்பர் முதல் 1885 பிப்ரவரி வரை ஜெர்மனியின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் பெர்லினில் கூட்டிய மாநாட்டில் 14 நாடுகள் உட்கார்ந்தன. ஆப்பிரிக்கர் ஒருவர்கூட இல்லை. வரைபடத்தை விரித்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார்கள் என்று பலரும் எழுதுகிறார்கள். அது கொஞ்சம் மிகை. காங்கோ, நைஜர் ஆறுகளில் வணிகத்துக்கும் கடற்கரையைக் கைப்பற்றுவதற்கும் விதிகள் வகுத்தார்கள். கோடுகளில் பெரும்பாலானவை பிறகு இரண்டிரண்டு நாடுகளாகப் பேசிப் போட்டவை.

அந்தப் பலபோகத்துக்கு நடுவே அசல் ஏகபோகம் ஒன்று இருந்தது. அதுதான் காங்கோ. பெல்ஜியத்தைப் போல எழுபது மடங்குக்கு மேல் பெரிய அந்த நிலம், பெல்ஜியம் என்ற நாட்டுக்குக்கூடச் சொந்தமில்லை. அரசர் இரண்டாம் லியோபோல்டு என்ற தனி மனிதருக்குச் சொந்தம். அவர் ஒருமுறைகூட அங்கே கால் வைத்ததில்லை. ‘ஆளில்லாத’ நிலமெல்லாம் அரசுக்கு என்று 1885இல் ஆணை போட்டார். நம் ஊர்ச் சொல்லில், காடு முழுவதும் ஒரே நாளில் புறம்போக்கு ஆயிற்று. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். ரப்பருக்கு விலை ஏறியது. காட்டில் படர்ந்திருந்த ரப்பர் கொடிகளில் பால் எடுத்துவர ஊருக்கு ஊர் அளவு குறித்தார்கள். ஆண்கள் கொண்டுவரும்வரை பெண்களைப் பிணையாக அடைத்து வைத்தார்கள். சிப்பாய்கள் செலவழித்த தோட்டாவுக்குக் கணக்குக் காட்ட, வெட்டிய கைகளைக் கூடையில் கொண்டுவந்தார்கள்.

இதை வெளியே கொண்டுவந்தவர்களில் ஒருவர் கப்பல் கம்பெனி குமாஸ்தா. மோரெல் என்று பெயர். ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் சரக்குப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தவர். காங்கோவிலிருந்து வரும் கப்பலில் ரப்பரும் யானைத் தந்தமும் நிறைந்திருக்கின்றன. திரும்பிப் போகும் கப்பலில் துப்பாக்கியும் தோட்டாவுமே பெரும்பகுதி. விலையாகக் கொடுக்கச் சரக்கு போகவில்லையே, அப்படியென்றால் அங்கே வியாபாரமே நடக்கவில்லை என்று அவருக்குப் பிடிபட்டது. பேரேடு படிக்கத் தெரிந்தவர்! பிரிட்டிஷ் தூதர் கேஸ்மென்ட்டின் அறிக்கை 1904இல் வெளியானது. 1908இல் லியோபோல்டு காங்கோவைப் பெல்ஜிய அரசிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று.

ஹாப்சன் கணக்கில் ஓட்டை இல்லாமல் இல்லை. பிரிட்டனின் வெளிநாட்டு முதலில் பெரும்பகுதி புதிதாகப் பிடித்த ஆப்பிரிக்க நிலங்களுக்குப் போகவே இல்லை. அமெரிக்கா, கனடா, அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா என்று போயிற்று. அதனால் பணம் மட்டுமே காரணம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1871இல் ஜெர்மனியிடம் தோற்ற பிரான்சுக்கு மானம் மீட்க இடம் வேண்டியிருந்தது. சூயஸ் கால்வாய் வழியை யார் காவல் காப்பது என்ற கவலை பிரிட்டனுக்கு. நாகரிகம் கற்றுத்தரப் போகிறோம் என்று மனதார நம்பியவர்களும் இருந்தார்கள். மலேரியாவுக்குக் கொய்னா மருந்து, நீராவிப் படகு, மாக்சிம் என்ற இயந்திரத் துப்பாக்கி மூன்றையும் காரணம் என்பார்கள். அவை கையில் கிடைத்த வசதிகள். ஆசை அதற்கு முன்பே இருந்தது.

சரி, தமிழில் எதை எழுதலாம்? ‘காலனியாதிக்கம்’ என்று மாற்றி எழுதினால் பொருள் சுருங்கிவிடும். காலனி என்றால் குடியேற்றம். லத்தீனில் உழவனைக் குறிக்கும் சொல்லில் பிறந்தது. இலங்கைத் தமிழில் ‘குடியேற்றவாதம்’ என்பது அதற்கு நேரான சொல். 1876இல் கடனில் மூழ்கிய எகிப்து, காலனி என்று பெயர் வைக்காமலே கடன்காரர்கள் கைக்குப் போனது. 1882இல் பிரிட்டிஷ் படை வந்து இறங்கிய பிறகும் காகிதத்தில் அது ஒட்டோமான் நாடுதான். அதைக் காலனியாதிக்கம் என்று சொல்ல முடியாது, ஏகாதிபத்தியம் என்று சொல்லலாம்.

‘பேரரசியம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். நேர்ப்பொருள் சரிதான். ஆனால் பேரரசு என்றதும் நமக்கு ராஜராஜனும் பெரிய கோயிலும் நினைவுக்கு வந்து நெஞ்சு நிமிர்கிறது. திட்டுவதற்கு அந்தச் சொல் உதவாது. ‘வல்லாதிக்கம்’ நன்றாக ஒலிக்கிறது. தனித்தமிழ் என்று நம்பி எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆதிக்கமும் வடசொல் வழி வந்ததுதான். அதை ஒதுக்கினால் ‘வல்லாண்மை’ மிஞ்சும். ‘ஏக’ என்ற சிக்கல் இல்லை, வலிந்து ஆளும் பொருளும் அதிலேயே இருக்கிறது. கட்டுரை எழுதும்போது நான் வல்லாண்மை என்றே எழுதுகிறேன். சுவரில் எழுதுபவர்களிடம் மட்டும் அதைச் சொல்ல மாட்டேன். ‘வல்லாண்மை ஒழிக’ என்று ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்த்தேன், கோஷம் எழும்பவே இல்லை.