டாக்டர் புத்தகத்தைப் புரட்டினால்

ஹட்டனுக்குப் பக்கத்தில் டிஸ்பென்சரி நடத்துகிறேன். மாலையில் கொழுந்து நிறுத்துக் கொடுத்த பிறகுதான் கூட்டம் வரும். மேசையில் கிடக்கும் தடித்த மருந்துக் கையேட்டை நான் எடுத்தால் போதும், எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடும். “இவருக்கு ஒன்றும் தெரியாது, புத்தகம் பார்த்துத்தான் எழுதுகிறார்” என்று வெளி பெஞ்சில் பேசிக்கொண்டதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். கைபேசியைத் தொட்டால் இன்னும் மோசம், வாட்ஸ்அப் பார்க்கிறேனாம்! இப்போதெல்லாம் திரையை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டிவிடுகிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு பாட்டி சிறுநீர் எரிச்சலோடு வந்தார். கிருமித் தொற்றுக்கான கோட்ரிமொக்சசோல் எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன்.

“வேறு குளிசை ஏதும் போடுகிறீர்களா, அம்மா?”

“மூட்டு வீக்கத்துக்கு ஒரு மஞ்சள் குளிசை, ஐயா. திங்கட்கிழமை மட்டும்.”

வாரத்தில் ஒரு நாள் என்றதும் பேனா நின்றது. மருந்து விவரம் எழுதிய கிளினிக் கொப்பி லயத்தில், டிரங்குப் பெட்டிக்குள். பேத்தியை அழைத்துப் படமெடுத்து அனுப்பச் சொன்னோம். எங்கள் பள்ளத்தில் சிக்னல் கிடைத்து அது வந்து சேரக் கால் மணி நேரம் ஆயிற்று. மூட்டு வீக்கத்துக்கு வாரம் ஒருமுறை மட்டும் கொடுக்கும் மெதோட்ரெக்சேட். கையேட்டைப் புரட்டினேன். இரண்டும் சேர்ந்தால் எலும்பு மச்சையில் இரத்த அணுக்கள் உருவாவதே தடைப்பட்டு, உயிருக்கு ஆபத்தாகலாம். வேறு மருந்து எழுதினேன். படிக்கும் காலத்தில் மனப்பாடமாக ஒப்பித்த விஷயம்தான். ஆனால் அன்று அவர் எனக்கு நாற்பதாவது நோயாளி.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 103 குடும்ப மருத்துவர்களை வைத்துச் செய்த ஆய்வு 1999இல் வெளியானது. நோயாளிகளைப் பார்க்கும்போது அவர்களுக்கு எழுந்த கேள்விகள் 1,101. விடை தேடியதோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குத்தான். அதற்கும் ஒரு கேள்விக்குச் சராசரியாக இரண்டு நிமிடம்கூடச் செலவாகவில்லை. மருந்தின் அளவு என்ன என்பது அடிக்கடி எழுந்த கேள்விகளில் ஒன்று. எனக்கும் அதுதான். குழந்தைக்குப் பரசிட்டமோல் ஒரு வேளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது தூக்கத்திலும் வரும். வலிப்பு மருந்தின் அளவு வராது, பார்த்தே ஆக வேண்டும்.

ஆனால் தேடுவதற்குப் பெயர் வேண்டுமே. இங்கேதான் எங்கள் தொழில்மீதே எனக்குக் கோபம். பல தனியார் டிஸ்பென்சரிகளில் குளிசையைச் சிறு கடதாசி உறையில் போட்டு, ‘காலை 1, இரவு 1’ என்று மட்டும் எழுதிக் கொடுக்கிறோம். மூன்று வெள்ளைக் குளிசைகளை உள்ளங்கையில் கொட்டி “இதுதான் ஐயா” என்றால் எந்தப் புத்தகத்தில் தேடுவது? கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உறையில் பெயர் இல்லையென்றால் எழுதித் தரக் கேளுங்கள்.

நானும் பல வருடங்கள் பெயரில்லாத உறைதான் கொடுத்தேன். இப்போது மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். கூட்டம் தேங்குகிறது என்று மருந்து கட்டும் தம்பி முணுமுணுக்கிறார். தேங்கட்டும்.