குப்பைமேட்டில் நட்ட கன்று ஏன் பட்டுப்போகிறது?

பழைய குப்பைமேட்டின் மேல் நாலு லாரி செம்மண்ணைக் கொட்டி, வேம்பும் புங்கையும் நட்டுத் தண்ணீர் ஊற்றினால் காடாகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். முதல் மழைக்குக் கன்று துளிர்க்கவும் செய்யும். அப்புறம் இலை மஞ்சளாகி, நுனி கருகி, ஒவ்வொன்றாகப் பட்டுப்போகும். பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்திருக்கும், மண்ணில் அழுகிய முட்டை வாடை வரும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். ஆனால் கன்று தாகத்தில் சாகவில்லை, மூச்சு முட்டிச் செத்திருக்கிறது.

இலையைப் போலவே வேரும் சுவாசிக்கும். மண்துகள்களுக்கு நடுவே இருக்கும் ஆக்சிஜன்தான் அதற்கு மூச்சு. குப்பையைக் குவித்த கொஞ்ச நாளிலேயே உள்ளே இருக்கும் ஆக்சிஜனை நுண்ணுயிரிகள் தின்று தீர்த்துவிடுகின்றன. அதற்குப் பிறகு ஆக்சிஜன் தேவைப்படாத நுண்ணுயிரிகள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. அவை வெளியிடும் வாயுவில் ஏறக்குறைய பாதி மீத்தேன், மீதியில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு. இந்த வாயு மேலே கிளம்பும்போது வேர்ப்பகுதியில் இருக்கும் காற்றை வெளியே தள்ளிவிடுகிறது. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறியே அதைப் பற்றவைத்துவிடும். கோடையில் குப்பைக்கிடங்கு பற்றி எரிந்தால் நாள்கணக்கில் புகைந்துகொண்டிருப்பதற்கு இந்த வாயுவும் ஒரு காரணம்.

குப்பை கொட்டுவதை நிறுத்திவிட்டால் எல்லாம் தானாக மக்கிவிடும் என்ற நம்பிக்கையும் பொய்த்துப்போனதுதான். அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத் தொல்லியலாளர் வில்லியம் ராத்ஜேயின் குழுவினர் பழைய குப்பைக்கிடங்குகளைத் தோண்டியபோது, பல பத்தாண்டுகளுக்கு முன் புதைந்த செய்தித்தாள்களை எடுத்து வாசிக்க முடிந்தது. காற்றும் ஈரமும் சரியாகக் கிடைக்காத இடத்தில் காகிதம்கூட மக்குவதில்லை.

வாயு மேலே போகிறது என்றால், தண்ணீர் கீழே போகிறது. செட்டிநாட்டுக்காரர்கள் அதிகம் கவலைப்பட வேண்டியது இந்த இரண்டாவதைப் பற்றித்தான். தேனாறு, விருசுழியாறு, மணிமுத்தாறு எல்லாம் வருஷத்தில் பெரும்பாலான நாள் மணலாகக் கிடக்கும் ஆறுகள். தண்ணீர் ஓடாத ஆற்றங்கரை பார்ப்பவர் கண்ணுக்குப் புறம்போக்காகத் தெரிகிறது, அங்கே குப்பை சேர்கிறது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் மழை உண்டு. ஒரு ஏக்கர் பரப்பில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது சுமார் 2 லட்சம் லிட்டர் தண்ணீர். ஃபில்டரில் ஊற்றிய வெந்நீர் காப்பித்தூளின் சாரத்தை இழுத்துக்கொண்டு இறங்குவது போல, குப்பைக்குள் இறங்கும் மழையும் கரையக்கூடியதையெல்லாம் இழுத்துக்கொண்டு கறுப்பாகக் கசிகிறது. அம்மோனியா, உப்புகள், பேட்டரியிலிருந்து வந்த ஈயம், பெயிண்ட், மருந்து என்று எல்லாம் அதில் இருக்கும்.

காரைக்குடி வட்டாரத்தில் கிணறு வெட்டியவர்களுக்குச் செம்புறாங்கல் தெரியும். உடைத்த கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தால் மேலெல்லாம் துளையும் பொந்துமாக இருக்கும், சில துளைகளில் விரல்நுனியே போகும். மழையை இப்படி உள்ளே வாங்கிக்கொள்ளும் நிலம் என்பதால்தான் நமக்குச் சம்பை ஊற்று போன்ற நல்ல தண்ணீர் கிடைத்தது. அதே துளை குப்பைக் கசிவுக்கும் வழிவிடும். கூரையில் விழுந்த மழையை முற்றத்தில் இறக்கி, கிணற்றுக்கும் ஊருணிக்கும் அனுப்பிய ஊர்கள் இவை. அந்தத் தண்ணீருக்கு மேட்டில் குப்பையை வைத்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, என்ன செய்யலாம்? ஒரு வழி, மூடுவது. மத்திய அரசின் 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் இதற்கு அளவு சொல்லியிருந்தன. குப்பையின் மேல் 60 சென்டிமீட்டர் களிமண், அதற்கு மேல் தண்ணீரை வடித்துவிட 15 சென்டிமீட்டர் அடுக்கு, அதற்கும் மேல் செடி வளர 45 சென்டிமீட்டர் மண். அழுத்திக் கெட்டிப்படுத்தாமல் கொட்டிய செம்மண் இந்தக் களிமண்ணுக்கு ஈடாகாது. களிமண் மழையை உள்ளே விடாமல் தடுக்கும். ஊடே இறக்கிய குழாய்கள் வாயுவை வெளியேற்றும். நியூயார்க்கின் ஃபிரெஷ் கில்ஸ் குப்பைக்கிடங்கு இப்படி மூடப்பட்டதுதான். 1948 முதல் 2001 வரை நகரத்துக் குப்பையை வாங்கிய அந்த 2,200 ஏக்கர் இடத்தில், மேடுகளுக்கு இடையே உப்பங்கழி ஓடுகிறது, புல்வெளிப் பறவைகள் கூடு கட்டுகின்றன. ஆனாலும் அதன் வடக்குப் பகுதியில் ஒரு துண்டு மக்களுக்குத் திறக்கப்பட்டதே 2023இல்தான்.

நம் ஊர் ஆற்றங்கரைக்கு இந்த வழி சரிவராது என்பது என் கருத்து. மூடி மேலிருந்து வரும் தண்ணீரைத்தான் தடுக்கும். வெள்ளம் பக்கவாட்டில் வந்து அடியை அரிக்கும், மழைக்காலத்தில் நிலத்தடி நீர் கீழிருந்து ஏறிக் குப்பையைத் தொடும். அடியில் எந்தத் தடுப்பும் போடாமல் கொட்டிய குப்பைக்கு மேலே மட்டும் மூடி போட்டு என்ன பயன்? மேலும் இங்கே இருப்பவை மலை மலையான குவியல்களும் அல்ல. எடுத்துவிடலாம்.

எடுக்கும் முறைக்குத்தான் பயோமைனிங் என்று பெயர். குப்பையைத் தோண்டி நீளமான வரப்புகளாகக் குவித்து, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, சில வாரங்கள் புரட்டிப் புரட்டிப் போடுவார்கள். காற்றுப் பட்டதும் அழுகல் வேறு வழியில் திரும்புகிறது. மீத்தேன் குறையும், சூடேறும், ஈரம் வற்றும், அளவும் கணிசமாகச் சுருங்கும். காய்ந்ததைச் சுழலும் சல்லடையில் விட்டால் கல் தனி, பிளாஸ்டிக்கும் துணியும் தனி, பொடிமண் தனியாக விழும். பிளாஸ்டிக், துணியெல்லாம் எரிபொருளாகச் சிமெண்ட் ஆலைக்குப் போகும். கல் பள்ளம் தூர்க்க உதவும். பொடிமண்ணைப் பார்த்தால் நல்ல உரம் போலத்தான் இருக்கும். அங்கேதான் ஏமாறக்கூடாது. அதில் கன உலோகமும் நுண்ணிய பிளாஸ்டிக்கும் கலந்திருக்கலாம். ஆய்வகத்தில் சோதிக்காமல் அதை வயலுக்குக் கொடுக்கவே கூடாது.

குப்பை போன பிறகுதான் கரை தெரியும். செங்குத்தாக வெட்டுண்ட கரையை முதலில் சாய்வாக்க வேண்டும். தண்ணீர் தொடும் இடத்தில் கோரையும் நாணலும், சற்று மேலே வெட்டிவேரும் நொச்சியும், அதற்கும் மேலே நீர்மருது, நாவல், புங்கை. வெறுமையான மண்ணில் முதல் வருஷம் கொழுஞ்சி, அவுரி விதைப்பது நல்லது. அவற்றின் வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியா காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துத் தரும். நாம் விதைக்காமலே சீமைக்கருவேலம் வரும். அதை முளையிலேயே பிடுங்காவிட்டால் வேறெதையும் வளர விடாது. அத்தியும் ஆலும் இரண்டு இருந்தால் போதும், மிச்ச விதைகளைப் பறவைகளே எச்சத்தில் கொண்டுவந்து போடும்.

குப்பைமேடு காடாகிக் காட்டிய இடமும் நம் நாட்டில் உண்டு. மும்பையில் தமிழர்கள் நிறைந்த தாராவியை ஒட்டி, மித்தி ஆற்றங்கரையில் இருந்த குப்பைமேட்டில் 1983இல் பறவையியலாளர் சாலிம் அலி முதல் கன்றை நட்டார். 1994இல் அது மகாராஷ்டிரா இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 37 ஏக்கர் காடு இன்றும் அங்கே நிற்கிறது.

நமக்கும் பறவைகளுக்குக் குறைவில்லை. வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக் கண்மாய்களில் கூடு கட்டும் பறவைகளுக்காகக் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. மீனும் நத்தையும் தேடிச் சுற்றுவட்டாரமெல்லாம் பறக்கும் அந்த நாரைகளுக்குச் சுத்தமான ஆற்றங்கரை இன்னொரு மேய்ச்சல் இடமாகும்.

மரம் வளர்ந்ததா என்று பார்ப்பதைவிடக் கிணற்றுத் தண்ணீரைப் பார்ப்பது முக்கியம். நிலத்தடி நீர் வரும் திசையில் ஒரு சோதனைக் கிணறு, போகும் திசையில் இரண்டு போதும். இரண்டு பக்கத்துத் தண்ணீரிலும் குளோரைடையும் அம்மோனியாவையும் மழைக்கு முன்னும் பின்னும் அளந்து ஒப்பிட்டால், கசிவு நின்றதா என்பது தெரிந்துவிடும். மூடிய கிடங்குகளைக் குறைந்தது 15 ஆண்டுகள் கண்காணிக்கச் சொல்லியிருந்தன அந்த 2016 விதிகள். தோண்டி எடுத்த இடத்துக்கும் அதே கணக்கைக் கேட்டு வாங்க வேண்டியது ஊர்க்காரர்கள்தான். கிராம சபையிலோ வார்டு கூட்டத்திலோ, எத்தனை கன்று நட்டீர்கள் என்பதோடு அந்தத் தண்ணீர் அறிக்கையையும் கேளுங்கள்.