சிரட்டைக் கரிக்குள் நாலரை கிரவுண்ட்

புதிதாகத் தண்ணீர் வடிகட்டி வாங்கிய வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "உள்ளே இருப்பது தேங்காய்ச் சிரட்டைக் கரி என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கரியில் என்ன தேங்காய்க் கரி, வேலமரக் கரி? விளம்பரமா, நிஜமாகவே விஷயம் இருக்கிறதா?"

நிஜமாகவே இருக்கிறது. நார் கயிறாவதும், ஓலை கீற்றாவதும், ஈர்க்கு விளக்குமாறாவதும் நாம் தினம் பார்ப்பவை. தென்னையில் தின்ன முடியாத பாகங்களில் என்னை மிகவும் வியக்க வைப்பது சிரட்டைதான். கொட்டாங்குச்சி என்றாலும் அதுதான். காங்கேயம் பக்கம் தொட்டி என்பார்கள்.

சிரட்டையைக் காற்று அதிகம் படாமல் சுட்டால் கரியாகும். இஸ்திரிப் பெட்டியில் போடுவது இந்தக் கரியைத்தான். எடையில் மூன்றில் ஒரு பங்கு தேறினாலே பெரிது. வடிகட்டிக்கு இது போதாது. இதை மறுபடி 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, நீராவியைப் பாய்ச்ச வேண்டும். அந்தச் சூட்டில் நீராவி கரியோடு வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் வெளியேறுகிறது. அதாவது, நீராவி கரியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தின்கிறது. மேலே மட்டுமல்ல, உள்ளே இருக்கும் இண்டு இடுக்குகளிலெல்லாம் புகுந்து தின்கிறது. மிச்சம் நிற்பதுதான் ஆக்டிவேட்டட் கார்பன். இதில் ஒரு கிராம் எடுத்து, அதன் உட்சுவர்களையெல்லாம் பிரித்து விரித்தால் சுமார் 1,000 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் ஏறக்குறைய நாலரை கிரவுண்ட்! ஒரு சிட்டிகைக் கரிக்குள் நாலு வீடு கட்டுகிற மனை.

சரி, மரக்கரியையும் இப்படிச் செய்யலாமே? செய்கிறார்கள். ஆனால் மரம் என்பது தண்ணீர் ஏறி இறங்கும் குழாய்களின் கட்டு. கரியான பிறகும் அந்தக் குழாய்கள் பெரிய பெரிய ஓட்டைகளாகவே நிற்கும். சிரட்டை வேறு ஜாதி. பருப்பைக் காப்பதற்காகவே தென்னை கட்டிய கோட்டை அது. அதன் செல்கள் சுவர் தடித்து இறுகிப்போன கல் செல்கள், மரத்துக்குக் கெட்டித்தன்மை தரும் லிக்னினும் நிறைய. சுட்ட பிறகு கார்பன் தகடுகள் கலைந்து கிடக்கும் சீட்டுக்கட்டு போல நெருக்கமாக அமைந்துவிடுகின்றன. தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்கும் சந்துகளில் பெரும்பாலானவை 2 நானோமீட்டருக்கும் குறைவு (மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோமீட்டர்).

அந்தச் சந்தின் அகலத்தில்தான் எல்லாமே இருக்கிறது. மூலக்கூறுகள் ஒன்றை ஒன்று இழுக்கும், பள்ளியில் படித்த வாண்டர்வால்ஸ் விசை மிக மெலிந்தது; வெட்டவெளிச் சுவரில் ஒட்டிய மூலக்கூறு சட்டென்று நழுவிவிடும். சந்து குறுகலாக இருந்தால் இந்தப் பக்கச் சுவரும் இழுக்கும், அந்தப் பக்கச் சுவரும் இழுக்கும். குளோரோஃபார்ம் போன்ற சின்ன மூலக்கூறு அங்கே வசமாக மாட்டிக்கொள்கிறது. தண்ணீர் மூலக்கூறுகளோ ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருப்பதையே விரும்புவதால் கரிச்சுவருக்குப் பெரிதாகப் போட்டி போடுவதில்லை. இதுதான் பரப்பு கவர்தல். குளோரின் கதை இன்னும் ஒரு படி மேலே: அது கரியோடு வினைபுரிந்து, வாடையில்லாத குளோரைடாகவே மாறிவிடுகிறது.

வெற்றிடக் குடுவையைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் டூவர், திரவக் காற்றால் குளிர்வித்த தேங்காய்க் கரியை வைத்தே பாத்திரத்துக்குள் மிச்சமிருந்த காற்றையும் உறிஞ்சி எடுத்தார். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஜெர்மானியர்கள் குளோரின் வாயுவைத் திறந்துவிட்ட பிறகு, முகமூடிக்கு நல்ல கரி தேடும் அவசரம் பிறந்தது. அமெரிக்கர்களுக்குத் தேங்காய்ச் சிரட்டை போதாமல், 1918-இல் பீச் பழக் கொட்டைகளைச் சேர்த்துத் தரும்படி பொதுமக்களைக் கேட்டார்கள். தங்கச் சுரங்கங்களிலும் இதே கரிதான். சயனைடில் கரைந்த தங்கத்தை, தாதுச் சேற்றுக்குள்ளேயே கரியைப் போட்டுக் கலக்கிப் பிடிக்கும் முறையை அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் சுரங்கம் 1973-இல் பெரிய அளவில் தொடங்கியது. அங்கே சிரட்டையின் கெட்டித்தன்மையும் உதவுகிறது. கரி பொடிந்து சேற்றோடு போனால் தங்கமும் போய்விடுமே.

இதையே "உடம்பின் நச்சை நீக்கும்" என்று மாத்திரையாக விற்பவர்களை நம்பாதீர்கள். விஷம் குடித்தவருக்கு மருத்துவர் கரி கொடுப்பது வேறு விஷயம். தினமும் விழுங்கினால் நீங்கள் சாப்பிடும் மருந்தையும் அது பிடித்துக்கொள்ளும்.

எனக்கு ஆற்றாமை ஒன்று உண்டு. குழியில் கரி சுடும்போது எரியக்கூடிய வாயுக்கள் எல்லாம் புகையாகப் போகின்றன. தணல் மேல் ஊற்றும் தண்ணீர் கறுத்து மண்ணில் இறங்குகிறது. அக்கம்பக்கத்துக் கிணற்றுக்காரர்கள் புலம்புவதில் முழு நியாயம் இருக்கிறது. மூடிய சூளையில் சுட்டு, அந்தப் புகையையே எரித்து வெப்பம் எடுக்க முடியும். சிறு கரிக்காரருக்குக் கட்டுப்படியாகும் சூளையை வடிவமைக்க அரசு ஆராய்ச்சிப் பணம் ஒதுக்கினால், அதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை.

வாசகருக்கு வருகிறேன். உங்கள் கார்ட்ரிட்ஜ் உப்பைக் குறைக்காது. குளோரின் வாடையையும் கரிமச் சேர்மங்களையும் குறைக்கும். இடம் நிரம்பினால் வேலை நின்றுவிடும், வெளியே எந்த அடையாளமும் தெரியாது. அதனால் சொன்ன கெடுவில் மாற்றிவிடுங்கள்.

புதுக் கார்ட்ரிட்ஜ் வரும்போது பழையதை உடைத்தால் உள்ளே மிளகு அளவுக் கரித் துணுக்குகள் இருக்கும். அது வேண்டாம், மீன் தொட்டிக் கடையில் புதிதாக ஒரு கைப்பிடி வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீரில் போட்டுக் காதை அருகில் வையுங்கள். 'ஸ்ஸ்ஸ்' என்று சன்னமாகச் சத்தம் வரும்; சந்துகளில் இருந்த காற்றைத் தண்ணீர் வெளியே தள்ளுகிறது. அப்புறம் இரண்டு டம்ளர் தண்ணீரில் ஆளுக்கு ஒரு சொட்டு நீல மை விட்டு, ஒன்றில் இந்தக் கரியையும் இன்னொன்றில் இஸ்திரிக் கரியையும் பொடித்துப் போட்டுக் கலக்குங்கள். மையின் மூலக்கூறு பெரியது, உள்ளே நுழையத் திணறும், அதனால் ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் இஸ்திரிக் கரி டம்ளரில் நீலம் பெரும்பாலும் அப்படியே நிற்கும், பக்கத்து டம்ளரில் வெளுத்திருக்கும்.